தொட்டுக்கிட என்ன?

எங்கள் அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்ட்டீகளா?" என்று கேட்பாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஊர் உலகமே அப்படித்தான் கேட்கிறது. ஆச்சு என்று சொன்னால் மற்றவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். அண்ணி விடமாட்டாள். "தொட்டுக்கிட என்ன?" என்று அடுத்த கேள்வி பாய்ந்து வரும். பதில் சொல்லாமல் தப்பித்தவர்கள் யாரும் கிடையாது. தபால்காரர், வளையல்காரர், குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர், கோயில் குருக்கள், எல்லோரும் எங்கள் வாசலில் நின்று தொட்டுக்கொண்டது என்ன என்று ஒப்பித்துவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் சாவுத் தந்தி கொண்டுவந்த ஆளிடமும் கேட்டுவிட்டாள். அவனும் பாவம், கத்திரிக்காய் என்று சொல்லிவிட்டுத்தான் தந்தியை நீட்டினான்.

அண்ணிக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். அதற்கப்புறமும் நெல். மதுரையில் ஹோம் சயின்ஸ் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு, எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மறுநாள், அப்பா பெருமையாகச் சொன்னார்: "நம்ம வீட்டுல மூணு வேளையும் நெல்லுச் சோறுதாம்மா. கம்பு கேப்பையெல்லாம் கிடையாது."

"அது சரி மாமா. தொட்டுக்கிட என்ன?" என்றாள்.

இலையில் ரசமும் அப்பளமும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தன. பத்தாயம் நிறைய நெல் வைத்திருக்கிற மனுஷனிடம் முதல்முறையாக ஒருத்தி உன் வீட்டில் சாப்பாடு பத்தாது என்று சொல்லியிருக்கிறாள்! நான் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி எழுந்து ஓடினேன். நாத்தனார் என்றால் அண்ணியை ஆட்டி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்றைக்கே அந்த உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பிற்பாடு என் கல்யாணம்கூட அந்தக் கேள்வியால்தான் நடந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் நன்னிலத்துக்காரர்கள் ஒரு கூட்டம். நிலம் நீச்சு நிறைய, பையன் பார்க்கவும் லட்சணம். அண்ணி அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல வெறும் மோருஞ்சோறுன்னாலும் மனசு நெறஞ்சு சாப்பிடுவோம்" என்றது அந்த அம்மா. அண்ணி உள்ளே வந்து, "வேண்டாம்ட்டி" என்றாள். அடுத்து வந்தவர்கள் சாதாரணக் குடும்பம். அந்த வீட்டம்மா, "ஒரு நாளு பருப்பு இல்லேன்னா எம் புள்ள தட்டைத் தூக்கி எறிஞ்சுருவான்" என்று அலுத்துக்கொண்டாள். அண்ணிக்கு முகமெல்லாம் பல். பருப்பைப் பார்த்து என்னைக் கட்டிக்கொடுத்தாள். தட்டைத் தூக்கி எறிகிறவனோடு குப்பை கொட்டப் போவது நான்தானே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் இன்றைக்கு வரை ஒரு தட்டையும் எறியவில்லை, அது வேறு விஷயம்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தொட்டுக்கொள்கிறதில் என்று என் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அவளிடம் சண்டைக்கே போனேன். வெள்ளிக்கிழமை, இரண்டு பேரும் சாமிக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தோம். மடியில் மல்லிகை குவிந்து கிடந்தது. பூவுக்கு நடுவில் வைத்துக் கட்டுகிற மரு தீர்ந்துவிட்டது. நான் கையை உதறிவிட்டு, "மரு இல்லாம எப்படி கட்றது, நிறுத்துங்க" என்றேன்.

அண்ணி துள்ளிக் குதித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே துள்ளுவாள் அவள்.

"இதுதான்ட்டி! இதேதான்! உடம்பு உள்ளுக்குள்ள கதம்பம் கட்டுது. ரத்தம், சதை, தோல், முடி எல்லாம் புரோட்டீனு, அது ஒரு கதம்பம். அதுக்குப் பல பூ வேணும். சோத்துல புரோட்டீனே இல்லையான்னா, இருக்கு. ஆனா அதுல லைசின்னு ஒரு பூ ரொம்பக் கம்மி. அது தீந்ததும் மத்த பூவெல்லாம் கூடை கூடையா இருந்தும் பிரயோசனமில்ல, கதம்பம் அங்கயே நின்னுபோகும். பயறு உளுந்துல அந்தப் பூ நெறைய. பயறுல கொறையிறது சோத்துல இருக்கு. ரெண்டும் சேந்தா முழுசா கட்டலாம். இப்பச் சொல்லு, தொட்டுக்கிட என்னன்னு நான் கேக்கலாமா, கூடாதா?"

எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவள் நான். எனக்கே விளங்கிவிட்டது. "அப்ப எல்லாப் பூவும் ஒண்ணா இருக்கிற தானியம் கிடையாதா அண்ணி?" என்று கேட்டேன்.

"எங்கயோ மலை நாட்டுல ஒண்ணு இருக்குன்னு எங்க புரொபசரம்மா சொல்லுவாக. பேரு மறந்துபோச்சு. நம்ம தண்டுக்கீரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தமாம். நமக்கு எங்க கெடைக்கப் போகுது, நீ மல்லிய எடு" என்றாள்.

இந்தக் கேள்வியை அவள் எங்கள் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த அஞ்சலையிடமும் தினமும் கேட்டாள். அஞ்சலை கீழத்தெரு. அவளை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டாயா என்றே கேட்டதில்லை, அப்புறமல்லவா தொட்டுக்கொள்வது! முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம் அவளே சந்தோஷமாக அடுக்க ஆரம்பித்தாள். "நண்டு ரசம்மா." "நத்தை வதக்குனேன்." "வாய்க்கால்ல கெண்டைக் குஞ்சு கெடைச்சிச்சு." அண்ணிக்கு ஒரே கொண்டாட்டம். "ஏட்டி கமலா, அஞ்சலை சாப்பாட்டுல முழுக் கதம்பம் இருக்கு. நம்ம மாமாதான் வெறும் மல்லி" என்பாள். நல்லவேளை அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

புது ரக நெல் வந்த வருஷம் அஞ்சலையின் பதில்கள் மாறின. "உப்பும்மா." "மொளகாம்மா." அப்புறம், "ஒண்ணுமில்லம்மா."

"நண்டு என்னாச்சு?"

"நண்டு ஏதும்மா இப்ப? புது நெல்லு போட்டு மருந்தடிக்கிறாங்கல்ல, எல்லாம் செத்து மெதக்குது. அதக் கொத்துன கோழியே ரெண்டு செத்துப்போச்சு. யாரு எடுத்துத் திம்பா?"

மருந்து அடித்தது எங்கள் வயலில்தான். புது ரகத்தில் களத்தில் கண்டுமுதல் மூட்டை மூட்டையாக எகிறிவிட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த சமயம்.

அடுத்து சம்பா அறுவடையில் கூலித் தகராறு வெடித்தது. கீழத்தெரு முனையில் செங்கொடி, மேலத்தெருவில் கறுப்பு சிவப்பு, நடுவில் ஆற்றுப் பாலத்தில் போலீஸ் வேன். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தைச் சொந்தக்காரர் பேரிலெல்லாம் பிரித்து எழுதியிருந்தார்கள். என் பேரில்கூட நிலம் இருந்தது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விளைந்த கதிர் தலை சாய்ந்து நிற்க, அறுக்க ஆளில்லை. அஞ்சலை வேலைக்கு வருவது நின்றது. கீழத்தெருவோடு பேச்சு வார்த்தை கூடாது, பத்தாயத்திலிருந்து ஒரு மணி நெல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். மிராசு வீட்டுச் சாமான் எதுவும் தெருவுக்குள் வரக்கூடாது என்று அவர்கள் சங்கத்தில் முடிவெடுத்தார்கள்.

அப்போதுதான் படித்துறையில் அஞ்சலையைப் பார்த்தோம். இடுப்பில் செல்வி, இரண்டு வயதுப் பெண். கன்னம் உப்பி, கால் திரண்டு, கொழுகொழு என்று இருந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. "அம்மாடி, குண்டுப் பொண்ணே! அப்பன் ஸ்டிரைக்குல கெடக்கான், நீ மட்டும் எங்கடி போய் சாப்பிட்டுட்டு வர்ற?" என்று கன்னத்தைக் கிள்ளினேன். அஞ்சலைகூட லேசாகச் சிரித்தாள். "ரொம்ப சமத்தும்மா. அழறதே இல்ல" என்றாள். ஊரில் எல்லோரும் அந்தக் குழந்தையைச் சமத்து என்றுதான் சொன்னார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. குழந்தையின் காலைப் பிடித்துப் பாதத்தின்மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தபின்னும் பள்ளம் அப்படியே நின்றது. செம்பட்டை பாய்ந்த முடியைத் தடவினாள். குழந்தை அழவில்லை, சிரிக்கவில்லை, எங்களைப் பார்க்கவுமில்லை.

"இது சதை இல்ல அஞ்சலை, தண்ணி. புள்ளைக்கு என்ன குடுக்க?"

"வடிகஞ்சிம்மா. வயித்தால போவுது, அதான் வேற எதுவும் குடுக்கல. பெரியாஸ்பத்திரில காட்டினோம். சத்து கொறைவு, நல்லா சாப்பாடு குடுங்கன்னாங்க. அதான் கூட ரெண்டு தடவை கஞ்சி குடுக்கறேன்."

"பயறு?"

அஞ்சலை பதறிப்போனாள். "ஐயோ, பயறு குடுத்தா செரிக்காம மாந்தம் வந்துரும்மா!"

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அண்ணி என் கையை நசுக்கிக்கொண்டே வந்தாள். "அந்தப் புள்ள செத்துப்போகும்ட்டி. ஊரெல்லாம் குண்டுன்னு கொஞ்சிக்கிட்டிருக்கையிலேயே செத்துப்போகும்." கிள்ளிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

அப்பாவிடம் பயறு கேட்டாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த நாட்களில் யாரும் தன் சுபாவத்தில் இல்லை. "அறுப்பை மறிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. நான் இங்கேருந்து படியளந்து அனுப்பணுமா? ஒரு மணி போவக்கூடாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் பொங்கல் வந்தது. பொங்கல் என்றால் பிறந்த வீட்டுச் சீர். அண்ணியின் தம்பி கோவில்பட்டியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, ஒரு மூட்டைப் பாசிப்பயறும் ஒரு மூட்டை நிலக்கடலையும் கருப்பட்டியும் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். வழக்கமாக அது நேராக எங்கள் சமையல்கட்டுக்குப் போகும். அண்ணி மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்!

"மாமா, பத்தாயம் உங்களுது. நான் தொடல. சீரு யாருது?"

அப்பா என்ன சொல்வார்? மருமகளின் சீரில் கை வைத்தார் என்று வந்துவிட்டால் சம்பந்தி வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? மேலத்தெருவில் அதைவிட மானக்கேடு ஒன்றும் கிடையாது. அண்ணன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டான். நான் அதற்குள் முறத்தை எடுத்து வந்துவிட்டேன்.

வறுத்துப் பொடித்த பயற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, தன் பிள்ளை ரகுவை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி கிளம்பினாள். ரகுவுக்குச் செல்வியின் வயதுதான். பின்னாலேயே நான். கீழத்தெரு முனையில் மாரியப்பன் மறித்தார். அஞ்சலை புருஷனுக்கு அண்ணன், சங்கத்தில் பெரிய ஆள். முன்பெல்லாம் எங்களைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். அன்றைக்குத் துண்டு தோளிலேயே இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மிராசு வீட்டுச் சாமான் உள்ள வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிருக்கோம்."

"சரியான முடிவு," என்றாள் அண்ணி. "இது மிராசு வீட்டுது இல்ல. உங்க ஊரு நெலத்துலயே வெளையல. எங்கப்பா கரிசக்காட்டுல, மானத்து மழையைப் பாத்து வெளஞ்சது. உங்க சங்கத்து முடிவுல கோவில்பட்டி வருதா?"

மாரியப்பன் முறைத்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வழி விடுங்கடா" என்றார்.

அஞ்சலை வீட்டு வாசலில் அடுத்த மறியல். பயறா, மாந்தமா, மாட்டவே மாட்டேன் என்று குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். அண்ணி வாக்குவாதம் செய்யவில்லை. "அரிசி உன் வீட்டுது, பயறு என் வீட்டுது" என்று சொல்லி அஞ்சலையின் அடுப்பிலேயே, அஞ்சலையின் அரிசிக் குருணையில் பயற்றுப் பொடியைப் போட்டுக் குழையக் காய்ச்சினாள். கருப்பட்டி ஒரு கிள்ளு, கடலைப் பொடி கொஞ்சம். ஒரே கிண்ணம், ஒரே கரண்டி. ரகுவைச் செல்விக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தாள்.

முதல் வாய் ரகுவுக்கு. "மாந்தம் வந்தா முதல்ல எம் புள்ளைக்கு வரட்டும்."

தெரு அப்படியே நின்றது. மேலத்தெருக் குழந்தை கீழத்தெருக் கிண்ணத்தில் சாப்பிடுவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது வாயை அஞ்சலையே கரண்டியை வாங்கிச் செல்விக்குக் கொடுத்தாள்.

சேதி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா வாசலிலேயே நின்றார்.

"எம் பேரனை எங்க உக்கார வச்ச?"

"செல்வி பக்கத்துல மாமா."

"என்ன குடுத்த?"

"பயத்தங்கஞ்சி. தொட்டுக்கிட கருப்பட்டி."

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். பளார் என்று முதுகில் ஒன்று விழுந்தது. ஆனால் மறுநாள் நாங்கள் கிளம்பும்போது அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். பார்த்தால்தானே தடுக்க வேண்டும்!

தினமும் போனோம். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை ஊட்டினோம். சரியாகிவிடும் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. குழந்தை இளைக்க ஆரம்பித்தது. உப்பிய கன்னம் ஒட்டி, கால் குச்சியாகி, விலா எலும்பெல்லாம் தெரிந்தது. அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "தங்கச்செல மாதிரி இருந்துச்சே எம் புள்ள! வத்திப்போச்சே!" மிராசு வீட்டு மருமகள் என்னத்தையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அண்ணி, "வடிஞ்சது தண்ணிதான், இதுதான் நெசமான உடம்பு, இனிமேத்தான் சதை பிடிக்கும்" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவது? எனக்கே நம்பிக்கை ஆடிவிட்டது. மாரியப்பன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா தெருவை என்னால புடிச்சு நிறுத்த முடியாது. அப்புறம் ரெண்டு தெருவும் தாங்காது" என்றார். அண்ணி தலையை ஆட்டினாள். இடுப்பில் இருந்த ரகுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் வருவேன் அண்ணாச்சி" என்றாள்.

மறுநாள் போனோம். நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள். அண்ணி வழக்கம்போல ரகுவுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கிண்ணத்திலிருந்து அள்ளினாள். ரகு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தான். அதுவரை எதையும் ஏறிட்டுப் பார்க்காத செல்வி, குச்சிக் கையை நீட்டி, அவன் கையிலிருந்து கரண்டியை வெடுக்கென்று பறித்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, செல்வி சிரித்தாள். பால் பல் அத்தனையும் தெரிய, சத்தமாகச் சிரித்தாள்!

அண்ணிக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து, முந்தானை பறக்க, வரப்பில் ஓட ஆரம்பித்தாள். "சிரிச்சுட்டா! சிரிச்சுட்டாட்டி கமலா! சிரிச்சுட்டா!" பாலத்தில் இருந்த போலீஸ்காரர்கள் கலவரம் என்று நினைத்து லத்தியோடு குதித்தார்கள். அதைப் பார்த்துக் கீழத்தெரு ஆட்கள் கம்போடு ஓடிவந்தார்கள். மேலத்தெருவிலிருந்து அப்பா நாலு பேரோடு ஓடிவந்தார். அறுக்காத கதிருக்கு நடுவில் எல்லோரும் மூச்சிரைக்க நிற்க, "என்னம்மா ஆச்சு?" என்று போலீஸ்காரர் கத்தினார்.

"செல்வி சிரிச்சுட்டா சார்" என்றாள் அண்ணி.

மாரியப்பன்தான் முதலில் கம்பைக் கீழே போட்டார். அப்பா, "இதுக்கா இந்தக் கத்து கத்துன" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நடந்தவர் நின்று, "புள்ள நல்லாருக்குல்ல?" என்று பொதுவாகக் கேட்டார். "இருக்கு" என்று மாரியப்பன் பொதுவாகப் பதில் சொன்னார். இரண்டு தெருவும் பேசிக்கொண்டது அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

அதனால் தகராறு தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூலி வேறு இடத்தில், வேறு ஆட்களால், இழுபறிக்கு அப்புறம்தான் பேசி முடிந்தது. அண்ணி அப்போதும் சும்மா இருந்தாளா? வரப்பில் கீழத்தெருக்காரர்கள் பயறு போட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். "இன்னைக்கு வரப்பும்பே, நாளைக்கு வயலும்பே" என்று அவர் மறுத்துவிட்டார். சரி மாமா என்று போய்விட்டாள். அப்புறம் பார்த்தால், வரப்பில் நடக்கும்போதெல்லாம் இடுப்பில் செருகிய பயற்றை இரண்டு பக்கமும் தூவிக்கொண்டே நடப்பாள். முளைத்தது, காய்த்தது, யார் யாரோ பறித்தார்கள். "யாரு வெதைச்சது?" என்று அப்பா கேட்டபோது காக்கா போட்டிருக்கும் என்று நான் சொன்னேன்.

அண்ணி இப்போது இல்லை. கனடாவில் இருக்கிற ரகு போன மாதம் லீவில் வந்தான். பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, "கினோவா அத்தை. அரிசியைக் குறைச்சுட்டு இதைச் சாப்பிடுங்க" என்றான். வெள்ளைக் கடுகு அளவுக்கு ஏதோ மணிமணியாக இருந்தது. கழுவினால் சோப்பு போட்ட மாதிரி நுரை வேறு. "தென்னமெரிக்காவில மலையில விளையிறது. இதோட புரோட்டீன் ரொம்ப ஒசத்தி, லைசின் உட்பட எல்லாமே இதுல இருக்கு. நம்ம தண்டுக்கீரைக் குடும்பம்தான்" என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. "டேய், இதுதான்டா! உங்கம்மா பேரு மறந்துபோச்சுன்னு சொன்னது இதுதான்டா! கட்டின கதம்பமாவே வந்திருக்குடா!" என்று கத்தினேன். பிள்ளை பயந்துபோய் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

உடனே செல்விக்குப் போன் போட்டேன். அவள் இப்போது திருத்துறைப்பூண்டியில் ஹெட்மிஸ்ட்ரஸ். ரகு வந்தால் அவளும் வருவாள், அது எழுதாத சட்டம். மத்தியானம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். ரகு பாத்திரத்தைத் திறந்து, கரண்டியால் அள்ளிக் காட்டிக்கொண்டே பாடம் எடுத்தான். "இதுல எதுவுமே குறையில்ல. இதோட வேற ஒண்ணும் வேணாம், இதுவே போதும்."

செல்வி அவன் கையிலிருந்து கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தஞ்சாவூர்ச் சீமை. கோவில்பட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"அது சரி அத்தை," என்றாள். "தொட்டுக்கிட என்ன?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. பயறு சுண்டல் இருக்குடி என்று கத்திக்கொண்டே சமையல்கட்டுக்குள் ஓடினேன்.